காருக்குப் போர்வை போத்தலாமா, வேணாமா?

நம்ம ஊர்ல ஒருத்தர் கார் வாங்கினா வரிசையா நாலு காரியம் நடக்கும். முதல்ல கோயில் வாசல்ல நிறுத்தி எலுமிச்சம்பழத்த நசுக்குவாங்க. அப்புறம் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"ன்னு கேப்பாங்க. மூணாவதா, சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் உறைய ஆறு மாசத்துக்கு யாரும் கழட்டக் கூடாதுன்னு வீட்டுப் பெரியவர் உத்தரவு போடுவார். நாலாவதா வெள்ளிக் கலர்ல ஒரு கார் கவர் வந்து சேரும்.

முதல் மூணையும் விட்ருவோம். அதுல தலையிட்டா வீட்ல சோறு கிடைக்காது. இந்த நாலாவது மேட்டர்தான் ரொம்ப நாளா என் மண்டைய கொடஞ்சுகிட்டு இருந்தது. கவர் போட்டா பெயிண்ட் நல்லா இருக்குமா, இல்ல கவராலயே பெயிண்ட் கெட்டுப் போகுமா?

எங்க வீட்ல இது மூணு வருஷமா ஓடற வழக்கு. வாதி எங்கப்பா. ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். பிரதிவாதி நான், பெங்களூர்ல ஆணி புடுங்கற மென்பொருள் எஞ்சினியர். வழக்குப் பொருள், அப்பா பென்ஷன் பணத்துல செகண்ட் ஹேண்டுல வாங்கின ஒரு சிவப்பு மாருதி ஆல்ட்டோ. சம்பவ இடம், தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வீட்டுக்குப் போனா, சாப்பிட உக்கார்றதுக்குள்ள வழக்கு ஆரம்பிச்சிடும்.

சரி, முதல்ல நாம எதைக் காப்பாத்தப் பாக்கறோம்னு தெரிஞ்சுக்குவோம்.

கார் பெயிண்டுன்னு நாம சொல்றது ஒரே பூச்சு இல்ல. இரும்புத் தகட்டு மேல பாஸ்பேட் பூச்சு. அது மேல, மொத்த பாடியையும் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சி ஒட்ட வைக்கற துருத்தடுப்புப் பூச்சு. அதுக்கு மேல பிரைமர். அப்புறம் கலர். எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி ஒரு நிறமில்லாத பூச்சு, அதுதான் கிளியர் கோட். இத்தனை அடுக்கையும் சேத்தா பெரும்பாலான வண்டிகள்ல 100லருந்து 150 மைக்ரான்தான் வரும். ஆபீஸ் பிரிண்டருக்குப் போடறோமே ஏ4 தாள், அது ஒண்ணு ஏறக்குறைய 100 மைக்ரான். அதுல கிளியர் கோட் மட்டும் சுமாரா 40 மைக்ரான். உங்க தலைமுடிய விட மெல்லிசு (முடி இருக்கறவங்களுக்கு சொன்னேன், கோச்சுக்காதீங்க :-)).

வண்டியோட பளபளப்பு முழுக்க இந்த 40 மைக்ரான்லதான் இருக்கு. புற ஊதாக் கதிரத் தடுக்கற ரசாயனமும் இதுலதான் கலந்திருக்கு. அந்தக் காலத்து அம்பாசடர தேய்ச்சுத் துடைச்சா துணியில கலர் ஒட்டும், பாத்திருக்கீங்களா? அதுக்குக் காரணம் அப்ப கிளியர் கோட் கிடையாது, கலர் பூச்சே வெளித்தோல். இப்ப வர்ற வண்டியில தேய்ஞ்சா முதல்ல தேயறது கிளியர் கோட். அது போயிட்டா அடியில இருக்கற கலர் வெயிலுக்கு நேரா நிக்கும். கூரையிலயும் பானெட்லயும் வெள்ள வெள்ளையா படை மாதிரி உரிஞ்ச வண்டிங்கள நீங்களே ரோட்டுல பாத்திருப்பீங்க. அது தேமல் இல்ல, கிளியர் கோட் செத்துப் போனதோட அடையாளம். அதுக்கப்புறம் பாலிஷ் போட்டுப் பிரயோஜனமில்ல. டிங்கரிங் பட்டறைக்குப் போய் மறுபடி பெயிண்ட் அடிக்கறது ஒண்ணுதான் வழி.

இப்ப எங்க ஊருக்கு வருவோம். ஊருக்கு ஊர் பெயிண்டுக்கு எதிரி வேற. எங்க பக்கம் நாலு பேர்.

முதல் எதிரி வெயில். சித்திரை வைகாசியில வெட்டவெளியில நிக்கற வண்டியோட பானெட்ட கையால தொட முடியாது. கறுப்பு மாதிரி அடர்த்தியான கலரா இருந்தா தகடு 70 டிகிரி வரைக்கும் கூட போகும். வெளிய இருக்கறதவிட வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல 20 டிகிரி ஏறிடும். சிவப்புக் கலர் வெயிலுக்கு சீக்கிரம் வெளுக்கும்னு பழைய வண்டி வச்சிருந்த யாரக் கேட்டாலும் சொல்வாங்க.

ரெண்டாவது புழுதி. இது சாதாரணப் புழுதி இல்ல. எங்க மாவட்டமே பாறை மேல உக்காந்திருக்கற மாவட்டம். கிரானைட்டும் அது மாதிரியான கெட்டிப் பாறையும் உடைஞ்சு மக்கின மண்ணுதான் எங்க மண்ணு. அதுல குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். தாதுக்களோட கடினத்த அளக்கற மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸுக்கு 7 மார்க். சாதாரண கண்ணாடிக்கே அஞ்சரைதான். கிளியர் கோட்டு வெறும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு சமாச்சாரம், அது குவார்ட்ஸோட மோதினா என்ன ஆகும்னு தனியா சொல்லணுமா? கல் குவாரி லாரி ஓடற ரோடு பக்கத்துல இருந்தா இன்னும் விசேஷம்.

மூணாவது மரமும் பறவையும். நிழலுக்காக மாமரத்தடியில நிறுத்தினா, பூப்பூக்கற சீசன்ல தத்துப்பூச்சி விடற பிசுபிசுப்பு வண்டி பூரா ஒட்டும். வேப்பமரம்னா பிசின், பழம், அதத் தின்ன வர்ற காக்கா. காக்கா எச்சத்துல யூரிக் அமிலம் இருக்கு. அதோட, பகல் வெயில்ல இளகற கிளியர் கோட் ராத்திரி குளிர்ந்து இறுகும்போது எச்சத்தோட மேடுபள்ளத்த அப்படியே அச்சு எடுத்துக்கும். கழுவினாலும் தழும்பு நிக்கும்.

நாலாவது எதிரிய வெளியூர்க்காரங்க நம்ப மாட்டாங்க. தண்ணி!

எங்க பக்கத்து போர்த் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். குடிதண்ணில கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 600 மில்லிகிராம் தண்ணின்னே வச்சுக்குங்க. வண்டியக் கழுவி விட்டுட்டு வெயில்ல அப்படியே காயவிட்டா, அரை லிட்டர் தண்ணி பாடியில தங்கியிருந்தாக்கூட ஆவியாகிப் போகறப்ப 300 மில்லிகிராம் சுண்ணாம்ப வட்ட வட்டமா விட்டுட்டுப் போகும். அந்த வட்டம் சூட்டுல பெயிண்ட்ல கடிச்சுக்கும். அதத் தேய்ச்சு எடுக்கப் போனா மறுபடி கீறல்.

தண்ணி விஷயத்துல எங்க ஊருக்கு வேற ஒரு கதையும் இருக்கு. நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் தாண்டக் கூடாது, அதிகபட்சம் ஒன்றரைன்னு இருக்கற பொருள் அது. எங்க பக்கம் பல ஊர் போர்ல அதுக்கு மேல. பல்லு பழுப்பா, கோடு கோடா இருக்கற ஆளப் பாத்தா "நீங்க தர்மபுரியா?"ன்னு கேக்கற அளவுக்கு. பல்லோட போச்சுன்னா பரவால்ல, எலும்பையும் மூட்டையும் பிடிச்சவங்க எங்க தெருவுலயே உண்டு. ஒகேனக்கல்ல காவிரி கொட்டுது, பக்கத்துல இருக்கற நாங்க குடிச்சது போர்த் தண்ணி. ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோஸிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008ல அடிக்கல் நாட்டி, 2013ல தண்ணி விட்டாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் அந்தத் தண்ணிதான்.

இப்ப சிக்கல் புரியுதா? ஆத்துத் தண்ணியில போர்த் தண்ணிய விட சுண்ணாம்பு கம்மி. பெயிண்டுக்கு அதுதான் நல்லது. நான் ஒரு தடவ சும்மா பேச்சுக்கு "அந்தக் குழாய்த் தண்ணியில ரெண்டு பக்கெட் ஊத்தினா வண்டியில வட்டம் விழாதுப்பா"ன்னேன். அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே! "ஆத்துத் தண்ணி வாய்க்கு. போர்த் தண்ணி வண்டிக்கு. இதுல பேச்சே கிடையாது"ன்னு முடிச்சிட்டார். பழுப்புப் பல்லோட நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவர் அவர். அவருகிட்ட அதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது? எனக்கும் அதுல மாற்றுக் கருத்து கிடையாது.

ஆக அப்பாவோட வாதம் இதுதான்: "தண்ணி கம்மி. கழுவினாலும் உப்பு. அதனால அழுக்காகாம மூடி வைக்கறதுதான் புத்தி."

கேக்கறதுக்கு நூத்துக்கு நூறு சரி. எதிர்வாதத்த நான் எங்கருந்து எடுத்தேன்னா, கவரோட உள்பக்கத்துலருந்து.

கவர்ல பல ரகம் இருக்கு. பெங்களூர்ல ஜே.சி. ரோட்டுக் கடைங்கள்ல ஒரு சனிக்கிழமை பூரா சுத்தினேன். வெள்ளி கோட்டிங் குடுத்த டஃபேட்டா, கொஞ்சம் தடிமனான மேட்டி, பாராசூட் துணின்னு விக்கறது, தார்ப்பாய் மாதிரி கெட்டியான ரெக்ஸின், உள்ள பஞ்சு மாதிரி மெத்து வச்ச பல அடுக்குத் துணி. எதைக் கேட்டாலும் கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப் சார், டஸ்ட் ப்ரூஃப் சார், ஃபுல் கேரண்டி"ங்கறார். எத்தனை நாளைக்கு கேரண்டின்னு கேட்டா மட்டும் அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிக்கறார் :-)

இந்த நாலு எதிரிக்கும் கவர் என்ன செய்யும்னு பாத்தா:

வெயிலுக்கு, நல்லா வேலை செய்யும். எந்தத் துணியா இருந்தாலும் புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதியத் தடுத்துடும். டேஷ்போர்டு, ரப்பர் பீடிங், வைப்பர் எல்லாத்துக்கும் நல்லது. ஆனா அந்த வெயில் கவரத் தின்னும். மலிவான வெள்ளிக் கவர் ஒரு கோடைக்கே கோட்டிங் பொடிப்பொடியா உதிர ஆரம்பிக்கும். கண்ணாடிக் காது பக்கம் முதல்ல கிழியும்.

எச்சத்துக்கும் பிசினுக்கும், நல்ல காப்பு. பூனை நகத்துக்கும்.

தண்ணிக்கு, ரெண்டு பக்கமும் அடி. காத்து போகாத ரெக்ஸின் மாதிரி கவர்னா, மண் தரையிலருந்து கிளம்பற ஈரம் உள்ளயே மாட்டிக்கும். காலையில கவரத் தூக்கினா உள்ள வேர்த்திருக்கும். நாள்கணக்குல அப்படியே இருந்தா பெயிண்டுக்கு அடியில ஈரம் ஊறிச் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். நனைஞ்ச கவர மடிச்சு வச்சீங்கன்னா பூஞ்சை பிடிச்சு நாறும்.

புழுதிக்கு? இங்கதான் மேட்டரே. எந்தக் கவரும் முழுசா புழுதியத் தடுக்காது. கீழ திறந்திருக்கு, காத்து அடியில நுழைஞ்சு புழுதியக் கொண்டுபோய்ப் போடும். அதோட நாம வண்டிய ஓட்டிட்டு வந்து, மேல மண்ணோட, அப்படியே கவரப் போத்தறோம். அடுத்து காத்து வீசுது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்ங்கறாங்க, துணி எம்மாத்திரம்? கவர் படபடன்னு அடிச்சுகிட்டே இருக்கும். அடியில குவார்ட்ஸ் துகள், மேல ஆடற துணி. நாலு ரூபாய்க்கு உப்புத்தாள் வாங்கி ராத்திரி பூரா பானெட்டத் தேய்க்கறதுக்கும் இதுக்கும் அளவுலதான் வித்தியாசம்.

சந்தேகம் இருந்தா ஒரு காரியம் பண்ணுங்க. நல்ல வெயில்ல உங்க வண்டி பானெட்ல சூரியன் பிரதிபலிக்கற இடத்த உத்துப் பாருங்க. அதச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா நுணுக்கமான கோடு தெரியும். யாரும் வட்டமாக் கீறல, கீறலெல்லாம் தாறுமாறாத்தான் கிடக்கு. அதுல வெளிச்சத்துக்குக் குறுக்க அமைஞ்சது மட்டும் ஒளிய நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்பறதால வட்டமாத் தெரியுது. பெங்களூர் அபார்ட்மெண்ட்ல ஒரே பக்கெட் தண்ணி, ஒரே துணிய வச்சு இருவது வண்டி துடைக்கறாங்களே, அந்த வண்டிங்கள்ல இந்த வலை அமோகமா இருக்கும். எங்கப்பாவோட ஆல்ட்டோவுலயும் இருந்தது. அவரு யாரையும் துடைக்க விடறதில்ல. அப்ப அது எங்கருந்து வந்தது? கூரையிலயும், பானெட் விளிம்புலயும், கதவுக் கைப்பிடி மேலயும், அதாவது கவர் இறுக்கமாப் பட்டு ஆடற இடத்துல எல்லாம் அதிகமா இருந்தது. அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியப் போட்டுகிட்டு ரெண்டு நிமிஷம் குனிஞ்சு பாத்தார். "பழைய ஓனர் பண்ணிருப்பான்"னுட்டுப் போயிட்டார்!

இன்னொரு சாட்சியையும் கூண்டுல ஏத்தினேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனா தொழிற்சாலை யார்டுல புது வண்டிங்க வெட்டவெளியில வரிசையா நிக்கும். கவர் கிடையாது. சில வண்டிக்குக் கூரையிலயும் பானெட்லயும் மட்டும் வெள்ளையா ஒரு பிலிம் ஒட்டியிருப்பாங்க. அது பெயிண்டோட அப்படியே ஒட்டிகிட்டு இருக்கும், ஆடாது. பெயிண்ட் மேல ஒரு பொருள் இருக்கணும்னா ஒண்ணு ஒட்டிகிட்டு இருக்கணும், இல்ல தொடாம இருக்கணும். தொட்டும் தொடாம உரசிகிட்டே இருக்கறதுதான் ஆபத்து. (காதலுக்கும் இது பொருந்தும்னு ஒரு ரூம்மேட் சொன்னான். அவன விடுங்க.)

இதுக்கும் அப்பா அசரல. "அவங்க வண்டி பத்து நாள்ல வித்துப் போயிடும். என் வண்டி நான் சாகற வரைக்கும் நிக்கணும்"னார். அதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது.

இப்படியே இந்த வழக்கு வாய்தா மேல வாய்தாவா ஓடிகிட்டு இருந்தப்பதான் போன ஐப்பசி வந்தது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்க தெருவுல காருன்னு இருக்கறது எங்க வண்டி ஒண்ணுதான். அதனால அது எங்க வீட்டு வண்டி மட்டும் கிடையாது. பிரசவ வலி, நெஞ்சு வலி, மரத்துலருந்து விழுந்தவங்கன்னு ராத்திரி எந்நேரமும் கதவு தட்டப்படும். அப்பா எப்பவும் வண்டிய ரோட்டப் பாத்துத்தான் நிறுத்துவார். சாவி வாசக்கதவுக்குப் பக்கத்து ஆணியில தொங்கும். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழ இறங்க விடமாட்டார். இதெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல.

ஐப்பசி மழை. சாயங்காலத்துலருந்து விட்டுவிட்டுப் பேஞ்சுகிட்டு இருந்தது. நான் ஊர்லதான் இருந்தேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், எதிர்வீட்டு அண்ணன் கதவத் தட்டறார். அவரோட சம்சாரம் தரையில படுத்திருந்திருக்காங்க. வயித்து வலின்னு எழுந்தாங்களாம், கண்ணத் தொறந்து வைக்க முடியலன்னு சொன்னாங்களாம். பாயத் தூக்கிப் பாத்தா கட்டுவிரியன். அது கடிச்சா பெருசா வலிக்காது, வீங்காது, தூக்கத்துல கடிச்சா கடிச்சதே தெரியாது. விஷம் நரம்புல ஏறி முதல்ல கண் இமை சொக்கும், அப்புறம் பேச்சு குழறும், கடைசியில மூச்சுத் தசை நிக்கும். பச்சிலை, கட்டுப் போடறது, கீறி விடறது எதுவும் உதவாது. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, வழியில எதிர்ல வந்தா மாத்திக்கலாம், இல்லன்னா நேரா போயிடலாம்னு முடிவு பண்ணோம்.

சாவி கையில இருக்கு. வண்டி ரோட்டப் பாத்து நிக்குது. மேல கவர்.

காத்துக்குப் பறக்கக் கூடாதுன்னு அப்பா நைலான் கயித்தால அடியில குறுக்க விட்டு ஆறு முடிச்சுப் போட்டு வச்சிருந்தார். மழையில முடிச்சு இறுகிக் கிடக்கு. துணி நனைஞ்சு கண்ணாடியோட ஒட்டிகிட்டு மலை கனம். நான் செல்போன் வெளிச்சம் புடிக்கறேன், அப்பா சேத்துல மண்டி போட்டு நகத்தால முடிச்சப் பிரிக்கறார். ஒண்ணு வந்தது. ரெண்டாவது வரல. பின்னாடி திண்ணையில அந்த அக்கா "கண்ணு மூடுது, கண்ணு மூடுது"ங்கறாங்க. அப்பா எழுந்தார், ஒண்ணும் பேசல, நேரா மாட்டுக் கொட்டாய்க்குப் போய் அரிவாளோட வந்தார். கயித்த அறுத்தார். துணி வராத இடத்துல துணியையும் அறுத்தார். அரிவாள் முனை பட்டு வலதுபக்க முன்கதவுல ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்தது. தகடு வரைக்கும் இறங்கின கோடு.

அரசு ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தி, அங்கருந்து தர்மபுரிக்கு அனுப்பினாங்க. மூணு நாள் மூச்சுக்குக் குழாய் வச்சிருந்தாங்க. பதினோராவது நாள் அக்கா வீடு திரும்பினாங்க. இப்ப நல்லாத்தான் இருக்காங்க. போன வாரம் கூட எனக்கு முருங்கக்கீரை குடுத்து விட்டாங்க.

ஆஸ்பத்திரியிலருந்து விடியக்காலம் திரும்பி வந்ததும் அப்பா அந்தக் கிழிஞ்ச கவர அலசிக் காயப்போட்டார். ரெண்டு நாள் கழிச்சு அத விறகுக் கட்டைமேல போத்தி நாலு கல்லத் தூக்கி வச்சார். அதுக்கு அது கச்சிதமா இருக்கு. கதவுல விழுந்த கோட்டுக்கு டச்சப் மட்டும் பண்ணிருக்கோம், துரு ஏறக்கூடாதுன்னு. முழுசா பெயிண்ட் அடிச்சிடலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும்"னார்.

அதுக்கப்புறம் வழக்குல புதுசா ஒரு கேள்வி சேந்துடுச்சு. வண்டிக்கு எது நல்லதுங்கறது மட்டும் இல்ல, வண்டி எதுக்கு இருக்குங்கறதும். ஒரு காய்ஞ்ச பகல்ல, வேற ஒரு கவர வச்சு, முடிச்சோட, நான் கடிகாரம் பாத்து அவுத்துப் பாத்தேன். நாலு நிமிஷம். மழையில, இருட்டுல எவ்ளோன்னு அளக்க எனக்கு விருப்பமில்ல.

தீர்ப்பு ரெண்டு பேரும் சேந்து எழுதினது. அது கவரும் இல்ல, வெட்டவெளியும் இல்ல. கொட்டாய்!

எங்க மாவட்டத்துல பாதி ஊர்ப் பேரே கொட்டாய்லதான முடியுது, அப்புறம் என்ன. நாலு இரும்புக் கம்பம், மேல பத்தடிக்குப் பதினெட்டடி தகரக் கூரை, ரெண்டு பக்கம் தொறந்தது. மேற்கு வெயில் சாய்வா அடிக்குமேன்னு அந்தப் பக்கம் மட்டும் தென்னந்தட்டி. வெயில் பெயிண்ட்டத் தொடாது, காக்கா எச்சம் தகரத்து மேல, காத்து தாராளமாப் போகும், உரசறதுக்கு ஒண்ணும் கிடையாது. சாவியத் திருப்பினா வண்டி ரோட்டுல.

தண்ணிப் பிரச்சனைக்கு கணக்கு வாத்தியார்தான் வழி கண்டுபுடிச்சார். பத்தடிக்குப் பதினெட்டடின்னா 180 சதுர அடி, சுமார் பதினேழு சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா அந்தக் கூரையில மட்டும் ஏறக்குறைய 165 லிட்டர் விழும். ஓரத்துல தகரக் கால்வாய் வச்சு ஒரு டிரம்முல பிடிக்கறார். மழைத் தண்ணியில சுண்ணாம்பு கிடையாது. போர்த் தண்ணியில மண்ணக் கழுவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் டிரம் தண்ணி ரெண்டு பக்கெட். உடனே சுத்தமான மெத்துத் துணியால ஒத்தி எடுத்துடறோம். வட்டமே விழறதில்ல. ஆத்துத் தண்ணியில ஒரு சொட்டுக்கூடத் தொடல. கூரை போட்ட செலவுக்கு நாலஞ்சு நல்ல கவர் வாங்கிருக்கலாம்தான். ஆனா கூரை ஒவ்வொரு கோடைக்கும் கிழியாது.

உங்களுக்கும் இதே சந்தேகம் இருந்தா, எங்க வழக்குலருந்து வந்த சட்ட விதிகள் கீழே:

1. கூரை போட வழி இருந்தா அதுதான் முதல் சாய்ஸ். தகரம், ஓலை, எதுவா இருந்தாலும் சரி.

2. கூரைக்கு வழியில்ல, தினமும் வண்டி எடுக்கறீங்கன்னா, கவர் வேணாம். கழுவி, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மெழுகு போடுங்க. எச்சம் விழுந்தா அன்னிக்கே ஊற வச்சு எடுத்துடுங்க, சுரண்டாதீங்க.

3. ஆன்சைட் போறீங்க, பேஸ்மெண்ட்ல மாசக்கணக்கா வண்டி நிக்கப் போகுதுன்னா, கவர் தாராளமாப் போடலாம். ஆனா வண்டியக் கழுவி, ஈரம் சுத்தமாக் காய்ஞ்சப்புறம். உள்பக்கம் மெத்தா, காத்து போற துணியா இருக்கணும். ரெக்ஸின் வேணவே வேணாம்.

4. மண்ணோட இருக்கற வண்டிமேல எந்தக் கவரும், எவ்ளோ விலையா இருந்தாலும், போடாதீங்க. காய்ஞ்ச துணியால புழுதி தட்டறதும் இதே கணக்குதான்.

5. டீசல் தொட்டுத் துடைச்சா பளபளன்னு இருக்கும்னு யாராவது சொல்வாங்க. அந்தப் பளபளப்பு அரை நாள்தான், அப்புறம் ஊர்ப் புழுதி பூரா அதுல ஒட்டும்.

6. கவர் போட்டே ஆகணும்னா முடிச்சுப் போடாதீங்க. சட்டுனு விடுபடற கிளிப்பு வச்சது வாங்குங்க. உங்க வண்டிய ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது கேக்கலாம்.

அவ்ளோதான் மக்களே. உங்க ஊர்ல உங்க வண்டிக்கு எதிரி யாரு, நீங்க என்ன பண்றீங்கன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. கடலோரத்துல இருக்கறவங்க உப்புக்காத்துக்கு என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.

அப்பா இப்ப அடுத்த கேஸ் போட்டுட்டார். கொட்டாய் நிழல்ல எலி குடியேறி ஒயரக் கடிக்குதாம், பூனை வளக்கலாமா வேணாமான்னு கேக்கறார். பூனை வந்தா பானெட் மேல ஏறி நகத்தால கீறுமேப்பான்னேன். "கீறினா கீறட்டும்டா"ங்கறார். மூணு வருஷத்துல அவர் வாயிலருந்து இத நான் கேப்பேன்னு நெனைக்கவே இல்ல :-)